மணல் தின்ற எழுத்துகள்



மழைக்காலம் முடிந்த கையோடு எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு வழக்கு எழும். சுவரில் படர்ந்த பூஞ்சையை எப்படிப் போக்குவது என்பதே அது. செய்யாறு, ஆரணிப் பகுதிகளில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. குழித்தறி போட்ட வீடென்றால் தரையின் ஈரம் சுவரேறுவதும், கரும்புள்ளிகள் பூப்பதும் இயல்பு. முன்பெல்லாம் தென்னைநார்த் தூரிகையால் தேய்த்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவார்கள். இப்போதோ, “காற்றழுத்தப் பொறி கொண்டுவந்து மணல் அடித்துவிட்டால் அரைநாளில் சுவர் புதிதாகிவிடும்” என்று சொல்லும் வேலையாட்கள் எளிதாகக் கிடைக்கிறார்கள். வீட்டார் சிலர் தலையாட்டுகிறார்கள்; சிலர் அஞ்சுகிறார்கள்.

(செய்யாறா, செய்யாரா என்று கேட்பவர்களுக்கு: எழுத்தில் செய்யாறு; வாயில் செய்யார். சேயாறு என்ற ஆற்றுப்பெயரே மூலம் என்பர். சம்பந்தர் பாடிய திருவோத்தூர் இதுவே. நகராட்சி திருவத்திபுரம் என்றே பெயர் தாங்கியிருக்கிறது. ஓரூருக்கு இத்தனை பெயர் இருப்பதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு.)

மணலடித்துச் சுவரைத் துப்புரவு செய்வது தீங்கற்றதா என்ற இவ்வழக்கு தமிழ்நாட்டில் புதிதன்று. மிகப் பெரிய அளவில் நிகழ்ந்து, உயர்நீதிமன்றம் வரை சென்ற வழக்கு இது. அங்கே வழக்குக்கு உட்பட்டவை வீட்டுச் சுவர்கள் அல்ல, கோயிற் சுவர்கள். ஆயினும் கோயில் என்ற சொல்லுக்குள்ளேயே ‘இல்’ இருக்கிறது. அந்தப் பெரிய இல்லத்துக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள், தம் சிறிய இல்லத்துக்கு என்ன செய்யலாம் என்று தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் கருவியின் வரலாறு. அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்க்மன் என்பவர் 1870ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மணல்வீச்சுக்குக் காப்புரிமை பெற்றார். உள்நாட்டுப் போரில் படைத்தலைவராக இருந்தவர் அவர். நீராவியாலோ காற்றாலோ மணலைப் பெருவேகத்தில் செலுத்திக் கல், கண்ணாடி, உலோகம் போன்ற வன்பொருள்களை வெட்டுவதும் குடைவதும் செதுக்குவதுமே அவர் கண்டுபிடிப்பின் நோக்கம். கண்ணாடியில் பூவேலை செய்யவும், கல்லில் எழுத்துப் பொறிக்கவும் அது பயன்பட்டது. துருவும் பழைய வண்ணமும் நீக்கும் பணி அதற்குப் பின்னரே பெரிதாயிற்று. ஆக, கல்லில் எழுத்துப் பொறிக்க வல்ல பொறி அது. அதே பொறியைக் கல்லில் முன்பே பொறிக்கப்பட்ட எழுத்தின்மீது பிடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்கவும் வேண்டுமா?

ஆனால் நம்மூரில் விளக்க வேண்டியிருந்தது. கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சு எப்படி நுழைந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குடமுழுக்கு என்பது மரபு. இடைப்பட்ட காலத்தில் சுவர்களில் எண்ணெய்ப் பிசுக்கு, விளக்குப் புகை, பாசி, பூஞ்சை எல்லாம் ஏறுகின்றன. தலைமுறை தலைமுறையாகப் பூசிய சுண்ணாம்பும், அதன் மேல் காவிப் பட்டையும், அண்மைக்காலத்தில் எனாமல் வண்ணமும் சேர்ந்து ஏடு ஏடாகக் கனத்துக் கிடக்கின்றன. இவற்றைக் கையால் நீக்கப் பல மாதம் ஆகும். பொறியோ சில நாளில் முடித்துவிடும். நன்கொடையாளர் வந்து பார்க்கும்போது கல் பளிச்சென்று வெளுத்து நிற்கும். “கட்டின அன்னைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்” என்று மகிழ்ந்து போவார். அந்த மகிழ்ச்சி பொய்யென்று நான் சொல்லவில்லை. பக்தியும் அதில் உண்டு. ஆனால் கட்டிய அன்று சுவர் அப்படி இருக்கவில்லை என்பதே உண்மை. அவர் பார்ப்பது சிற்பி விட்டுச்சென்ற பரப்பை அன்று, அதற்கு அடியில் கிடந்த பரப்பை.

மணல்வீச்சை ஆதரிப்போர் பொதுவாக இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, கருங்கல் வலிமையானது, மணல் அதை என்ன செய்துவிடும் என்பது. மற்றது, அழுத்தத்தைக் குறைத்து அடித்தால் சுண்ணாம்பு மட்டுமே போகும் என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன.

கருங்கல் ஒரே பொருளால் ஆனதன்று. குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா முதலிய கனிமத் துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் கூட்டு அது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, பெல்ஸ்பார் 6, மைக்கா ஏறத்தாழ 3. பொறியிலிருந்து பாயும் மணலோ பெரும்பாலும் குவார்ட்ஸ். கல்லில் உள்ள மிகக் கடினமான பொருளுக்கு நிகரான ஒன்று, மென்மையான மற்றவற்றின் மீது அம்பு போலப் பாய்கிறது. மைக்கா முதலில் உதிரும். பெல்ஸ்பார் பிளந்து தெறிக்கும். பிடிமானம் இழந்த குவார்ட்ஸ் துகளும் பின்னால் விழும். அதிலும், பல நூற்றாண்டு வெயிலும் மழையும் கண்ட கல்லின் மேற்பரப்பு, மலையில் புதிதாக உடைத்த கல்லைப் போன்றதன்று. துகள்களுக்கிடையிலான பிணைப்பு அங்கே முன்பே தளர்ந்திருக்கும்.

அழுத்தத்தைக் குறைக்கலாமே என்றால், சுண்ணாம்பு எங்கே முடிந்து கல் எங்கே தொடங்குகிறது என்பதை மணல் அறியாது. கல்வெட்டெழுத்தின் ஆழமோ சில மில்லிமீட்டர். சுண்ணாம்பு சமமான கனத்தில் படிந்திருப்பதுமில்லை. எழுத்தின் பள்ளத்தில் மிகுந்தும், மேட்டில் குறைந்தும் இருக்கும். பள்ளத்துச் சுண்ணாம்பு போகும்வரை அடித்தால், அதற்குள் மேட்டின் விளிம்பு மழுங்கிவிடும். குழாயைப் பிடித்திருக்கும் தொழிலாளியின் கை எவ்வளவு பழகியதாயினும் இந்தக் கணக்கை மாற்ற இயலாது.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்காக ஆன் கிரிம்மர் என்ற அம்மையார் 1979இல் எழுதிய கையேடு ஒன்று, பழங்கட்டடங்களை உராய்வு முறையில் துப்புரவு செய்வதன் கேடுகளை மட்டுமே பொருளாகக் கொண்டது. சூளையில் வெந்த செங்கல்லுக்கு வெளிப்புறத்தில் இறுகிய தோல் ஒன்று உண்டு என்பதும், மணல்வீச்சு அத்தோலை உரித்துவிடுவதால் உள்ளிருக்கும் மென்பகுதி நீரை உறிஞ்சத் தொடங்கும் என்பதும் அதில் வலியுறுத்தப்படுகின்றன. கருங்கல்லுக்கும் இதே கதைதான். சொரசொரப்பான பரப்பில் ஈரம் தங்கும், தூசு தங்கும். ஈரமும் தூசும் தங்கினால் பாசியும் பூஞ்சையும் குடியேற வேறென்ன வேண்டும்? பூஞ்சையைத் துரத்தக் கொண்டுவந்த பொறி, அதற்கே நாற்று விடப் பாத்தி கட்டித் தருகிறது.

சரி, போவது என்ன? வாசகர்களில் கல்வெட்டுப் படிக்கப் பழகாதவர்களும் இருப்பீர்கள் என்பதால் எங்கள் பக்கத்து எடுத்துக்காட்டுகளையே சொல்கிறேன்.

செய்யாற்றுக்கு அருகே பிரமதேசம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயிலில், முதலாம் இராசாதிராசனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு, காலம் 1044. கங்கையும் கடாரமும் கொண்ட இராசேந்திரனின் மறைவையும், அவனோடு உயிர்நீத்த அரசி வீரமாதேவியையும் அது குறிப்பிடுகிறது. அரசியின் உடன்பிறந்தானாகிய மதுராந்தகன் பரகேசரி வேளான் என்னும் சேனாபதி, தன் தமக்கையின் தாகம் தீரத் தண்ணீர்ப்பந்தல் வைத்த செய்தி அது. கடல் கடந்து படை நடத்திய பேரரசனின் இறுதியைச் சொல்லும் சான்று, மாளிகையிலோ பட்டயத்திலோ இல்லை. ஒரு சிற்றூர்ச் சுவரில், தண்ணீர்ப்பந்தல் அறத்தின் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சில வரிகள் தேய்ந்திருந்தால் நமக்கு வீரமாதேவி இல்லை. அந்தத் தாகமும் இல்லை.

இன்னொன்று, தூசி அருகேயுள்ள மாமண்டூர்க் குடைவரை. முதலாம் மகேந்திரவர்மனுடைய வடமொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. காலத்தால் பெரிதும் சிதைந்துவிட்ட கல்வெட்டு அது. ‘மத்தவிலாசம்’, ‘பகவதஜ்ஜுகம்’ என்ற இரு நாடகங்களின் பெயர்கள் அதில் தெரிகின்றன. மத்தவிலாசம் மகேந்திரனுடையது என்பதில் ஐயமில்லை. பகவதஜ்ஜுகமும் அவன் எழுதியதா, வேறொருவருடையதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். இரு பெயர்களுக்கும் இடையிலும் பின்னும் இருந்த எழுத்துகள் முழுமையாக நின்றிருந்தால் அவ்வாதம் எழாமலே போயிருக்கலாம். இது மணல்வீச்சால் நேர்ந்ததன்று, மழையும் காற்றும் நீரும் செய்த வேலை. பல நூற்றாண்டுகளில் இயற்கை செய்ததை ஒரு பிற்பகலில் செய்துமுடிக்கும் ஆற்றலைத்தான் நாம் இன்று வாடகைக்கு எடுக்கிறோம்.

“கல்வெட்டுகளைத்தான் படியெடுத்து அச்சிட்டுவிட்டார்களே!” என்று ஒரு விடை வருவதுண்டு. படித்தவர்களே சொல்வதால் இதற்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். ஹுல்ஷ் 1886இல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராகப் பணியேற்றார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது. வெங்கையா முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். அந்த உழைப்புக்குத் தமிழுலகம் என்றும் கடன்பட்டது. ஆனால் ஆண்டறிக்கைகளில் இரண்டு வரிச் சுருக்கமாக மட்டுமே குறிக்கப்பட்டு, முழுப்பாடம் அச்சேறாத கல்வெட்டுகள் ஏராளம். சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்து யார் கண்ணிலும் படாதவையும் உண்டு. மணல்வீச்சு அவற்றை வெளிக்கொணரும் அதே கணத்தில் சிதைத்தும் விடும்.

அச்சேறியவற்றுக்கும் கல் வேண்டும். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டவர்கள். மெய்க்கீர்த்தி இல்லாத ஒரு கல்வெட்டில் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால், எந்தப் பரகேசரி என்பதை எப்படித் துணிவது? எழுத்தின் வடிவம்தான் பெருந்துணை. ஒரு வளைவு எவ்வளவு வளைகிறது, ஒரு கோடு எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு காலத்தை மதிப்பிடுவார்கள். அச்சில் இருப்பது பாடம் மட்டுமே. வடிவம் கல்லில் இருக்கிறது. ஆட்சியாண்டைக் குறிக்கும் எண்ணில் ஒரு கீற்று மழுங்கினால் ஆண்டே மாறிப்போகும். ஐயம் வந்தால் மீண்டும் போய்ப் பார்க்கலாம் என்ற உறுதிதான் இத்துறையின் அடித்தளம். மீண்டும் போனபோது கல் வெளுத்திருந்தால்?

நான் மாணவர்களை அழைத்துச் சென்ற ஒரு சிற்றூர்க் கோயிலில் அப்படித்தான் ஆயிற்று. ஊர்ப்பெயர் வேண்டாம், குடமுழுக்கு நடத்தியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். அதிட்டானத்துக் குமுதத்தில் எழுத்து இருக்கும் இடம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுத்துப் பார்த்தோம். தாள் முழுதும் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். அவற்றுக்கிடையே ‘ஸ்வஸ்திஸ்ரீ’ மட்டும் அரைகுறையாக. “மங்கலம் மட்டும் மிஞ்சியிருக்கு சார்” என்றான் ஒரு மாணவன். கிண்டலாகச் சொன்னானா, வருந்திச் சொன்னானா என்று எனக்கு விளங்கவில்லை.

திருப்பணியே கூடாது என்று பழமைப் பற்றாளர்கள் சொல்வதாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதற்குத் திருமழபாடி விடை சொல்லும். அங்குள்ள கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 அளவில் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்பு, சுவர்களிலிருந்த பழைய கல்வெட்டுகளையெல்லாம் ஏட்டில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதும் அவ்வாணை. அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அந்த ஏட்டிலிருந்து கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடையில் பதின்மூன்று ஆண்டுகள் போயிருக்கின்றன, ஓர் அரசன் போயிருக்கிறான். ஏடு மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது! பழைய கல்வெட்டின் படி இது என்று தானே சொல்லிக்கொள்ளும் சோழர்காலக் கல்வெட்டுகள் வேறு கோயில்களிலும் உண்டு. பழையதை மாற்றுவதற்கு அவர்கள் அஞ்சவில்லை. மாற்றுவதற்கு முன் எழுதிவைத்தார்கள். இந்த ஒழுங்கை ஆயிரமாண்டுக்குப் பின், ஒளிப்படக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் கடைப்பிடிக்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

வழக்கு நீதிமன்றம் சென்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மணல்வீச்சு கூடாதென்று இந்து சமய அறநிலையத்துறையே சுற்றறிக்கை விட்டிருந்தது. ஆனால் 40,000க்கும் மேற்பட்ட சமய நிறுவனங்களைக் கொண்ட துறையில் சுற்றறிக்கை எல்லாச் சாரத்தின் உச்சிக்கும் ஏறிவிடாதல்லவா? தொல்லியல் துறையில் பணியாற்றிய தி. சத்தியமூர்த்தி முதலியோர் முன்னின்ற ரீச் அறக்கட்டளை போன்ற அமைப்புகளும், ஊர் ஊராகச் சென்ற ஆர்வலர்களும் விடாது குரல் கொடுத்தனர். 2015 ஜனவரியில் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழில் வெளிவந்த வாசகர் கடிதம் ஒன்றைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. தொன்மைச் சின்னங்கள் ஓசையின்றிப் புதைக்கப்படுகின்றன என்பது அக்கடிதத்தின் முறையீடு. கோயில் திருப்பணிகள் குறித்த வேறொரு வழக்கின் தொடர்பில் யுனெஸ்கோவின் வல்லுநர் குழு 2017இல் சில கோயில்களைப் பார்வையிட்டு, பணி நடந்த முறையைக் கடுமையாகக் குறைகூறியது. தானாக எடுத்த வழக்கில் 2021 ஜூன் 7ஆம் நாள் நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி. டி. ஆதிகேசவலு ஆகியோர் 75 கட்டளைகள் கொண்ட தீர்ப்பை வழங்கினர். வாசகர் கடிதம் எழுதுவதெல்லாம் வீண் வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தூய்மை செய்ய வேறு வழி இல்லாமலா போயிற்று? இந்தியத் தொல்லியல் துறையில் வேதியியலுக்கென்று 1917இலேயே தனிப் பிரிவு தோன்றிவிட்டது. சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கிய எஸ். பரமசிவன், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவர். நாயக்கர் ஓவியப் படலத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அங்கே மட்டும் யாராவது பொறியைக் கொண்டு நுழைந்திருந்தால்...

கல்லுக்குரிய முறைகள் எளியவை. மிகவும் நீர்த்த அம்மோனியாவும் மென்மையான சோப்புக் கரைசலும் கொண்டு நார்த்தூரிகையால் கழுவலாம். கனத்த கறைக்குத் தாள்கூழையோ களிமண்ணையோ அப்பி வைத்து, அது உலரும்போது அழுக்கை உறிஞ்சி எடுக்கச் செய்யலாம். சுண்ணாம்பு ஏட்டை நனைத்து ஊறவிட்டு, மூங்கில் சிம்பாலோ மரத்தகட்டாலோ நெம்பி எடுக்கலாம். மெதுவான வேலை என்பது உண்மை. ஆனால் இதில் கை, கல்லைத் தொட்டவுடன் நின்றுவிடுகிறது. பாசி மீண்டும் வராதிருக்க வேண்டுமானால் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க வேண்டும். தளத்தின் மேல் சுண்ணாம்புக் காரை விரிசல்விட்டிருக்கும். மழைநீர்த் தாரை அடைத்திருக்கும். தரையைச் சிமெண்டால் உயர்த்தி அதிட்டானத்தைப் புதைத்திருப்பார்கள். (புதைந்த அதிட்டானத்தில் பெரும்பாலும் கல்வெட்டும் சேர்ந்தே புதைந்திருக்கும் என்பது தனிச்சோகம்.)

இனி, குழாயைப் பிடித்திருக்கும் ஆளைப் பற்றி. இவ்வழக்கில் மிகக் குறைவாகப் பேசப்படுபவர் அவர்தான். உடைந்து பறக்கும் குவார்ட்ஸ் நுண்தூசு நுரையீரலின் கடைக்கோடி வரை சென்று தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். வந்தால் திரும்பாத நோய் அது. பிரிட்டனில் உலோக வார்ப்புகளைத் துப்புரவு செய்ய மணல்வீச்சில் சிலிக்கா மணலைப் பயன்படுத்துவது 1949ஆம் ஆண்டு விதிகளால் தடை செய்யப்பட்டது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் சிலிக்கோசிஸை அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் கோயில் சாரமும் வீட்டுக் கூடமும் தொழிற்சாலை அல்லவே! ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்பவருக்கு அந்தத் துண்டு காவல் ஆகாது.

வீட்டுச் சுவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். திறந்த பிராகாரத்தில் காற்று தூசை அள்ளிச் செல்லும். மூடிய அறையில் அது எங்கே போகும்? மணல்தூசோடு பூஞ்சையின் நுண்வித்துகளும் சேர்ந்து பறந்து, பூஞ்சையே இல்லாதிருந்த அறைகளிலும் போய்ப் படியும். சுண்ணாம்புச் சாந்தோ கருங்கல்லைவிடப் பன்மடங்கு மென்மையானது. குழாயை வைத்த இடத்தில் குழி விழும். ஆரணி நெசவாளர் எவரும் பூஞ்சைப் புள்ளி விழுந்த பட்டை முரட்டுத் தூரிகையால் தேய்க்க மாட்டார். மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து நிழலில் காற்றாட விடுவார். அவர் வீட்டுச் சுவருக்கும் அதே வைத்தியம்தான்: கூரை ஒழுக்கை அடைப்பது, சாளரத்தைத் திறந்துவைப்பது, ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டுச் சுண்ணாம்பு பூசுவது. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சைக்கு ஆகாது. சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் வண்ணமும் சுவரின் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலில் பாலாலயம் நடக்கப்போவதாகச் செய்தி வந்தால், சாரம் கட்டும் முன்பே ஒரு காலை நேரம் சென்று சுவர்களை ஒளிப்படம் எடுத்து வையுங்கள். சாய்வெயில் எழுத்தின்மீது பக்கவாட்டில் விழும் வேளை சிறந்தது. அதிட்டானத்திலிருந்து தொடங்கி வலமாக வரவேண்டும்; ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் இருக்கட்டும். எந்தச் சுவர், எத்தனையாவது கல் என்று குறித்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். படங்களை அனுப்பினால் படித்துச் சொல்ல எங்கள் துறையில் ஆள் இருக்கிறோம்.